நான்கு அதிகம்

கொர்ரால் துறைமுகத்தில்
மூட்டை எண்ணுவது எவரிஸ்தோவின் வேலை.
நான்கு கோடு, ஐந்தாவதற்கு ஒரு குறுக்குக்கோடு.
கோதுமை, சுண்ணாம்பு, ஹாம்பர்க் போகும் தோல்.
ஒரு மூட்டைகூடத் தவறவிட்டதில்லை என்பார்கள்.
என் அம்மாவின் தாத்தா.

தொண்ணூற்றேழு மார்ச்சில் நகராட்சி
அவருக்கு நூறு வயது என்று கேக் வெட்டியது.
பித்தளைத் தகடு தந்தார் மேயர்.
வாத்தியக்குழு ஒரே மெட்டை இரண்டுமுறை வாசித்தது,
வேறு தெரியாது.
கேக்கில் மெழுகுவத்திகளை விரல் நீட்டி எண்ணி முடித்து
"நான்கு அதிகம்" என்றார்.
அரங்கமே சிரித்தது. நானும்தான்.

அந்த நூறை இப்போது
பழுப்புத்தாளில் நீளவாக்கில் கிடத்தியிருக்கிறேன்.
கோட்டுக்கு மேலே உலகம், கீழே அவர்.

1914.
பனாமாவில் நிலத்தை அறுத்துக்
கடலோடு கடலைச் சேர்த்தார்கள்.
தென்முனை சுற்றி வந்துகொண்டிருந்த கப்பல்கள்
ஒவ்வொன்றாக எங்களை மறந்தன.
கீழே:
மூட்டை வராத நாட்களில் கடற்காகம் எண்ணினார்.

1917.
ஐரோப்பாவின் சேற்றில் பையன்கள் புதைந்துகொண்டிருக்க
இங்கே இவருக்குக் கட்டாயப் பயிற்சி.
புகைப்படத்தில் சீருடையின் கை
விரல்நுனியை விழுங்கியிருக்கிறது.
இருபது வயது. மேலுதட்டில் ஒரு நிழல்கூட இல்லை.

1960, மே, ஞாயிறு, மதியம் மூன்று தாண்டி.
நிலம் நின்றபின் கடல் எழுந்து போனது.
எந்தக் காலத்திலோ தொலைத்த நங்கூரங்கள்
சேற்றில் வெயில் காய்ந்தன.
ஊர் மலைக்கு ஓடியது.
ஒத்திலியா தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம்.
இவர் ஒத்திலியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம்.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
மேலிருந்து பார்த்தார்கள்:
அவருடைய கிடங்கு, கதவு சாத்தியபடியே,
தண்ணீரோடு நடந்து போனது.

1973.
வானொலியின் எந்தக் குமிழைத் திருகினாலும் அணிவகுப்பு இசை.
தொழிற்சங்க அலுவலகத்தைப் பூட்டி வருகிறேன் என்று போன
என் மாமா நிவால்தோ
இன்னும் பூட்டிக்கொண்டிருக்கிறார்.
கீழே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.
மேசையில் ஒரு தட்டைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு
எழுந்து போய்விட்டார் என்பதைத் தவிர.

முதலில் எழுதியிருக்க வேண்டியதைக்
கடைசியில் எழுத உட்கார்ந்தேன்.
1910, வால்நட்சத்திரம்.
"பதின்மூன்று வயசு எனக்கு.
அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன்."
நூறு தடவை கேட்ட வாக்கியம்.
பேனா நின்றுவிட்டது.

பதின்மூன்று வயதுப் பையனை
எந்தத் தகப்பன் தோளில் ஏற்றுவான்?

பங்குக் கோயிலின் புதைப்பு ஏட்டில்
ஈரம் தின்றது போக மீந்த ஒரு வரி:
1900, எவரிஸ்தோ, மூன்று வயது, அம்மை.
அதே அப்பா. அதே அம்மா.
அடுத்த வருடம் பிறந்தவனுக்கு
எந்த ஏட்டிலும் வரியில்லை.
பழைய சான்றிதழ் பெட்டியில் இருந்தது.
பெயர் சும்மாதான் கிடந்தது.
பதிவு அலுவலகத்துக்குப் படகுக்கூலி மிச்சம்.

அப்படியானால்
பதினாறு வயதில் துப்பாக்கி பிடித்தார்.
ஓய்வூதியம் நான்கு வருடம் முன்னதாக வாங்கினார்.
தொண்ணூற்றாறில் நூறு கொண்டாடினார்.
ஒரு மூட்டை தவறாதவர்.

தாளின் இடது ஓரத்தைக் கத்தரிக்கப் போனேன்,
அவர் வாழாத அந்த முதல் சாண் அளவை.
அங்கேயும் ஒருவன் இருந்திருக்கிறான்.
நடக்கப் பழகியிருப்பான். எதற்காகவோ அழுதிருப்பான்.
கத்தரிக்கோலை மூடினேன்.

அன்று கேக்கிலிருந்து
நான்கு மெழுகுவத்திகளை உருவி
கைக்குட்டையில் சுற்றிக்
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.
"திருடுகிறார் பார்" என்று அம்மா கண்ணடித்தாள்.
திரியில் சூடு ஆறியிருக்காது.
பையைக் கையால் பொத்திக்கொண்டு
இரண்டாவது முறை வாசித்த மெட்டு முடியும்வரை
நின்றுகொண்டே இருந்தார்.